சேஃப்டி பாய் தடை போட்ட வார்த்தை

விருத்தாசலத்தில் இதுவரை பிறந்தவர்களிலும் இனிமேல் பிறக்கப்போகிறவர்களிலும், ஓடுகிற மிஷினுக்குப் பயப்படாமல் நின்றுபோன மிஷினுக்குப் பயந்த ஒரே மனிதர் எங்கள் சேஃப்டி பாய்தான். இன்ஜின் தடதடவென்று ஓடும்போது கொஞ்சம் தள்ளி நின்று நிம்மதியாக டீ குடிப்பார். இன்ஜின் நின்றதோ இல்லையோ, டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். முகம் மாறிவிடும். பாம்பு புகுந்த வீட்டுக்குள் போகிறவர் மாதிரி ஒவ்வொரு அடியாக நடப்பார்.

"ஏன் பாய், ஓடுறப்ப வராத பயம் நின்னதுக்கப்புறம் என்னாத்துக்கு வருது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓடுற மிஷினுக்குள்ள எவன் மாப்ள கைய வுடுவான்? நின்ன மிஷினுக்குள்ளதான எல்லாரும் கைய வுடுறீங்க" என்றார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டிலேயே இருந்துவிட்டது. கம்பெனியில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் இறந்த அன்று வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, "இது வேற யாரோ" என்று கூட வேலை பார்க்கிற செல்வம் அடுத்த தெருவரைக்கும் போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்தான்.

இன்னும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாகூட ஓதி ஆகவில்லை. அவரை நினைத்தால் அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. எது முதலில் வரும் என்று சொல்ல முடியவில்லை. மவுத்தான அன்றைக்கே அப்படித்தான் ஆயிற்று. கம்பெனி ஆட்கள் நாங்கள் வாசலில் ஓரமாக நின்றிருந்தோம். மங்களூர் பக்கத்திலிருந்து வந்த அவருடைய தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் எங்களிடம் வந்து, சாவு வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"எப்பங்க எடுக்குறாங்க?"

செல்வத்தின் இரண்டு கைகளும் தானாகக் காதுக்குப் போய்விட்டன. பச்சையம்மா அக்காவுக்கு முட்டி மடங்கிவிட்டது. நான் பாதி உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அந்த மனிதர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். பச்சையம்மா அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பு அப்படியே நடுவில் உடைந்து அழுகையாகி, அதன் பிறகு நாங்கள் எல்லோருமே அழுதோம். 'எடு' என்ற ஒரு வார்த்தைக்கு எங்களுக்கு ஏன் இப்படி ஆகிறது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் செராமிக் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. எங்களுடையது அதில் சின்னது. அகல் விளக்கும் பொம்மையும் செய்கிற இடம். களிமண்ணை வாரிப் போட ஒரு ஜேசிபி உண்டு, அதை ஓட்டுவது நான். மண்ணைப் பிசைய ஒரு பெரிய மிஷின் உண்டு. பக்மில் என்போம். மேலே ஆள் உயரத் தொட்டி, தொட்டிக்குள் சுற்றுகிற கத்திகள். பழைய லாரி ஒன்றின் இன்ஜினைக் கழற்றி சிமெண்ட் மேடையில் பொருத்தி, பெல்ட் போட்டு அந்த மிஷினைச் சுற்றவிட்டிருந்தார்கள். லாரி போய்ச் சேர்ந்தும் அதன் சாவி மட்டும் எங்களிடம் இருந்தது. சாவியைத் திருப்பினால் கத்தி சுற்றும். அந்தச் சாவிக்குச் சொந்தக்காரன் செல்வம். அச்சில் விளக்குத் தட்டும் பெண்களுக்குத் தலைவி பச்சையம்மா அக்கா. மிஷின் அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் இறங்கி மண்ணைத் தோண்டுவது நான். வேறு காரணம் இல்லை, எல்லோரிலும் ஒல்லி நான்தான்.

பாய் வேலைக்கு வந்த முதல் நாள் நல்ல சித்திரை வெயில். நாங்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் உடம்போடு நிற்கிறோம். கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வருகிறார். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கண்ணில் முகத்தில் பாதியை மூடும் கண்ணாடி, உடம்பில் பளபளவென்று மின்னுகிற பட்டி வைத்த ஆரஞ்சு கோட்டு, காலில் பூட்ஸ். கம்பெனி நாய் அவரைப் பார்த்துக் குரைக்கவில்லை. சத்தம் போடாமல் மண் குவியல் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

"யார்ரா இது, ராக்கெட்ல இருந்து எறங்குனவரு?" என்றான் செல்வம். சொல்லும்போது அவன் வாயில் பீடி. கையில் டீசல் கேன். ஓடுகிற இன்ஜினுக்கே டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். அது அவனுடைய வழக்கம்.

வந்தவர் நேராகப் போய் செல்வத்தின் வாயிலிருந்து பீடியைப் பிடுங்கினார். அணைக்க இடம் தேடினார். பக்கத்தில் முதலாளி டீ டம்ளரோடு நின்றார். பீடியை அதற்குள் போட்டுவிட்டார்.

"யோவ், அது என் டீ" என்றார் முதலாளி.

"டீ வேற வாங்கிக்கலாம் மொதலாளி. இந்த ஆளு எரிஞ்சி போனா வேற ஆள எங்க போயி வாங்குறது?"

பச்சையம்மா அக்கா விளக்கு தட்டிக்கொண்டே சொன்னது: "இவன மாதிரியா? சும்மா குடுத்தாலே யாரும் வாங்க மாட்டாங்க."

அன்றைக்கே அவருக்கு சேஃப்டி பாய் என்று பெயர் விழுந்துவிட்டது.

பாய் பல வருஷம் துபாயில், வானத்தைத் தொடுகிற மாதிரி கட்டடம் கட்டும் இடத்தில் சேஃப்டி பார்த்தவர். எங்கள் கம்பெனியில் கொடுத்தது மெக்கானிக் வேலை. சேஃப்டி அவராகச் சேர்த்துக்கொண்டது. அவ்வளவு பெரிய வேலையை விட்டு இந்தச் சேற்றுக்குள் ஏன் வந்தார் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவரே சொன்னார். லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். மகள் பிறந்ததிலிருந்து அவரை போனில் மட்டுமே பார்த்தவள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அம்மாவிடம், "இந்த அங்கிள் எப்ப ஊருக்குப் போவாரு?" என்று கேட்டிருக்கிறாள்.

"அங்கிளுன்னுட்டா மாப்ள. நான் வாங்கியாந்த சாக்லேட்ட தின்னுகிட்டே அங்கிளுன்னுட்டா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

இனிமேல் துபாய் கிடையாது என்று அன்றே மகள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டாராம். அவருடைய மச்சான் மட்டும் அங்கிருந்து அடிக்கடி போன் போட்டு, "விசா ரெடியா இருக்குது, வரியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஊரில் மெக்கானிக் வேலை சும்மா கிடைத்துவிடாது. இது போனால் அந்த விசாதான் கதி. அது பாய்க்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும். எங்கள் எல்லோரையும்விட முதலாளிக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வளவு பயம் இருக்கிறவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா? இருக்கவில்லை. வந்த வாரமே லுங்கிக்குத் தடை.

"பெல்ட்டுக்குக் கண்ணு தெரியாது மாப்ள. ஆனா லுங்கி மட்டும் நல்லா தெரியும்" என்றார். நாங்கள் நம்பவில்லை. செய்து காட்டுகிறேன் என்று கொடியில் காய்ந்த ஒரு லுங்கியை உருவி, நீளமான கழியில் சுற்றி, ஓடுகிற பெல்ட் பக்கம் நீட்டினார். நீட்டியதுதான் தெரியும். கழி கையை விட்டுப் பறந்தது. லுங்கி உள்ளே போய் அந்தப் பக்கம் ரிப்பன் ரிப்பனாக வந்து விழுந்தது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். செல்வம் மட்டும் வேறு மாதிரி வாயைப் பிளந்தான்.

"பாய், அது என் லுங்கி பாய். சாயங்காலம் கட்டிகிட்டு பொண்ணு பாக்க போவ இருந்தேன் பாய்."

"கட்டிகிட்டு இங்க நின்னிருந்தா பொண்ணு பாக்க உன் போட்டோதான் போயிருக்கும்" என்றார் பாய்.

அடுத்த நாள் எல்லோரும் பேண்ட்டோடு வந்தோம். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். பெல்ட்டுக்கு மூடி வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி காது கேட்காத மாதிரி இருந்தார். பாய் போய் எங்கிருந்தோ ஒரு பெரிய கோழிப் பஞ்சாரத்தைக் கொண்டுவந்து பெல்ட் மேல் கவிழ்த்துக் கட்டிவிட்டார். கம்பெனிக்கு விளக்கு வாங்க வந்த ஒருவர், "கோழி எல்லாம் வளக்குறீங்களா?" என்று கேட்டதும் முதலாளிக்கு ரோஷம் வந்து, வெல்டரைக் கூப்பிட்டு இரும்பு வலை அடித்தார். பாய் எதிர்பார்த்ததும் அதுதான்.

வண்டியைச் சுற்றுவது அடுத்த கூத்து. ஜேசிபியில் நான் ஏறுவதற்கு முன்னால் அதை முழுசாக ஒரு சுற்று சுற்றி, கீழே குனிந்து, யாராவது படுத்திருக்கிறார்களா, ஆயில் ஒழுகுகிறதா, டயரில் கல் செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஏமாற்றுவேன் என்று அவரும் கூடவே சுற்றுவார். "பாய் சாமி சுத்துறாரு, சூடம் கொளுத்துங்கடி" என்று பச்சையம்மா அக்கா கத்தும். கம்பெனிக்குள் செய்தால் பரவாயில்லை. ஒருநாள் பெல்ட் வாங்க பெண்ணாடம் போகலாம் என்று பஸ் ஏறினோம். கண்டக்டர் விசில் ஊதப்போனார். பாய் இறங்கிவிட்டார். பஸ்ஸைச் சுற்றிக் குனிந்து பார்த்துக்கொண்டே வருகிறார்.

"பாய், எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க. தொலையக் கூடாதுன்னுதான் பாக்குறேன்."

பின் டயருக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. அதைத் தூக்கி ஓரமாக விட்டுவிட்டு ஏறினார். அதுவரை திட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா அவருக்கு ஜன்னலோர சீட்டு கொடுத்தது.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

ஒருநாள் இன்ஜினை நிறுத்திவிட்டு, வலையைக் கழற்றி வைத்துவிட்டு, பாய் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். கையில் துபாயிலிருந்து கொண்டுவந்த தொளதொள கிளவுஸ். செல்வம் சாவி பக்கத்தில் தயாராக நிற்கிறான். அந்தப் பக்கம் பச்சையம்மா அக்கா ஒரு பெண்ணிடம், "அந்தத் தட்ட எடு" என்றது. செல்வத்தின் காதில் 'எடு' மட்டும் விழுந்தது. எங்கள் பேச்சில் வண்டியை எடு, இன்ஜினை எடு என்றால் கிளப்பு என்று அர்த்தம். சாவியைத் திருப்பிவிட்டான்.

பெல்ட் ஒரு சுற்று சுற்றியது. கிளவுஸ் அதோடு போனது. கை போகவில்லை, தொளதொள கிளவுஸ் என்பதால் நழுவிவிட்டது. பாய் விரல்களை எண்ணினார். சரியாக இருந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினார். அப்புறம் செல்வத்தின் விரல்களையும் எண்ணினார். ஏன் என்று தெரியவில்லை. பதற்றத்தில் எண்ணிவிட்டார் போல.

உடனே எல்லோரையும் வேப்பமரத்தடியில் கூட்டினார்.

"கைய எடுன்னா கைய வெளிய கொண்டான்னு அர்த்தம். வண்டிய எடுன்னா ஓட்டுன்னு அர்த்தம். ஒரே வார்த்தைய வெச்சிகிட்டு கைய காப்பாத்தவும் சொல்றீங்க, கைய வெட்டவும் சொல்றீங்க. இன்னையில இருந்து இந்தக் கேட்டுக்குள்ள 'எடு'ங்கற வார்த்தையே கெடையாது."

"அப்ப என்னா சொல்றது?" என்றான் செல்வம்.

"இன்ஜினுக்கு 'கெளப்பு'. கைக்கு 'வெளிய'."

"தட்டுக்கு?"

"தட்டுக்கு... தூக்கு."

"மறந்து போயி சொல்லிட்டா?" என்றது பச்சையம்மா அக்கா.

"தோப்புக்கரணம். பத்து. சொன்ன ஆளு மட்டும் இல்ல, காதுல வாங்குன எல்லாரும். அந்த வார்த்த காதுல விழுந்தா கை சாவிக்குப் போவக் கூடாது, காதுக்குத்தான் போவணும்."

சுலபம் என்று நினைத்தோம். அந்த வார்த்தை இல்லாமல் தமிழில் உயிரோடு இருக்கவே முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. "பசி எடுக்குது" என்றேன், கம்பெனியே தோப்புக்கரணம் போட்டது. "என் தம்பிக்குப் பொண்ணு எடுக்கறாங்க" என்று பச்சையம்மா அக்கா சந்தோஷமாகச் சொன்னது, பத்து. தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போன பெண் ஒருத்தி திரும்பி வந்து சொல்லவே இல்லை, புடவையைக் கையால் காட்டினாள். செல்வம் ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "பாய், எனக்கு வாந்தி... வாந்தி..." என்று வார்த்தை தேடி நின்றான். "கெளம்புது பாய்" என்று முடிப்பதற்குள் பாயின் பூட்ஸ் மேலேயே கிளம்பிவிட்டது.

முதலாளி மட்டும் இதில் சேரவில்லை. "நான் மொதலாளி. நான் எதுனா சொல்லுவேன்" என்றார். ஆனால் எங்களுக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லாமல் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. ஜேசிபிக்கு சந்தனம், குங்குமம், மாலை, வாழைக்கன்று எல்லாம் கட்டி, முன்பக்கப் பக்கெட்டை வானத்துக்கு உயர்த்தி, அதன் கீழே பட்டுச் சட்டையோடு முதலாளி நிற்கிறார். போட்டோகிராபர் வந்திருக்கிறார். பாய் எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"மொதலாளி, தூக்குன பக்கெட்டு கீழ மனுஷன் நிக்கக் கூடாது. ஆயில் பைப்பு ஒண்ணு புட்டுகிச்சின்னா பூஜ ஆயுதத்துக்கு இல்ல, உங்களுக்குத்தான்."

"நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சு பேசுறான் பாரு" என்றார் முதலாளி. ஆனாலும் நிமிர்ந்து மேலே ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார். நான் பக்கெட்டைத் தரையில் இறக்கினேன். எல்லோரும் அதற்கு முன்னால் வரிசையாக நின்றோம். போட்டோகிராபர் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "ரெடியா, எடுக்கட்டுமா?" என்றார்.

அந்தப் போட்டோ இன்றைக்கும் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. நடுவில் முதலாளி கொதித்துப் போய் நிற்கிறார். சுற்றி நாங்கள் எல்லோரும் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பூஜை போட்ட ஐயர்கூட ஒரு கையால் காதைப் பிடித்திருக்கிறார். அவருக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போன முதலாளி, சாவி விஷயத்தில்தான் எரிந்து விழுந்தார். பாய் போட்ட சட்டம் இது: மிஷினுக்குள் இறங்குகிறவன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்க வேண்டும். "சாவி மிஷின்ல இல்லன்னா, மனுஷன் மிஷின்ல இருக்கான்னு அர்த்தம்" என்பார். நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அவரே தொட்டிக்குள் இறங்கி வேலை பார்த்துவிட்டு, சாவி இடுப்பில் இருப்பதை மறந்து ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். கம்பெனி அப்படியே நின்றது. முதலாளி செல்வத்தைப் பள்ளிவாசலுக்குத் துரத்தினார். இமாமின் பயானும் தொழுகையும் முடிகிறவரை அவன் வாசலில் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்த பாய் இடுப்பைத் தொட்டுப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவ உன்னால மிஷின் நின்னுதுன்னா, மச்சான்கிட்ட விசாவ அனுப்ப சொல்லிட்டு நீ பாட்டுக்கு ஃபிளைட் ஏறிடு."

அன்றைக்குத்தான் பாய் தலை குனிந்து பார்த்தேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

கார்த்திகை நெருங்கியது. விளக்கு சீசன். சேத்தியாத்தோப்பு வரைக்கும் இருக்கிற வியாபாரிகள் போன் மேல் போன் போடுகிறார்கள். மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை. பாய் தொப்பியை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்பினார். போகும்போது பாக்கெட், இடுப்பு எல்லாம் தட்டி, "சாவி மிஷின்லயே இருக்குது, பாத்துக்க மாப்ள" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். செல்வம் டீசல் வாங்கப் போனான். பெண்கள் சூளைக்கு அந்தப் பக்கம் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிஷின் திணறியது. களிமண்ணோடு ஒரு கல் வந்து கத்தியில் மாட்டிக்கொண்டுவிட்டது. இன்ஜினை நிறுத்தினேன். சட்டப்படி சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். தொட்டிக்குள் இறங்கி, இரண்டு கத்திகளுக்கு நடுவில் ஒவ்வொரு காலையும் வைத்துக்கொண்டு, கல்லைச் சுற்றிக் கையால் தோண்ட ஆரம்பித்தேன்.

வெளியே நடந்ததைச் செல்வம் பிறகு சொன்னான். அவன் கேனோடு திரும்பி வருகிறான், முதலாளியும் பைக்கில் வந்து இறங்குகிறார். மிஷின் நிற்கிறது. ஆள் யாரும் இல்லை.

"ஏன்டா நிக்குது?"

"சாவிய காணம் மொதலாளி."

"காணமா? மறுபடியும் பள்ளிவாசலுக்குக் கொண்டு போயிட்டானா? அவ்ளோதான். இன்னையோட அவன் துபாய்க்கே போவட்டும்."

செல்வமும் அப்படித்தான் நினைத்தான். ஏற்கெனவே நடந்த கூத்துதானே. சாவி இல்லையென்றால் ஆள் உள்ளே என்ற சட்டம் அவனுக்கு ஞாபகமே வரவில்லை. முதலாளி சட்டைப் பாக்கெட்டில் கைவிட்டு ஒரு புது சாவியை வெளியே கொண்டுவந்தார். "இப்பிடி எதுனா பண்ணுவான்னு தெரிஞ்சிதான் ஒண்ணு செஞ்சி வெச்சிருக்குறேன்."

அப்படி ஒரு சாவி இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பாய்க்கும் தெரியாது. செல்வம் அதை வாங்கி இன்ஜினில் போட்டான். சரியாகப் பொருந்தியது. கை சாவி மேல் இருக்கிறது. திருப்ப வேண்டியதுதான். இன்ஜினில் சாவி ஏறியது தெரியாமல் நான் உள்ளே கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலாளிக்குப் பொறுமை இல்லை. "என்னாடா பாத்துகிட்டு நிக்கிற, எட்றா" என்று ஊர் கேட்கக் கத்தினார்.

செல்வத்தின் கை சாவியை விட்டுக் காதுக்குப் போய்விட்டது. அவன் நினைத்துப் போகவில்லை, கை போய்விட்டது. சூளைக்கு அந்தப் பக்கமிருந்து பச்சையம்மா அக்கா சோற்றுக் கையோடு எழுந்து, "சொல்லிட்டாரு, மொதலாளியே சொல்லிட்டாரு" என்று கூவியது. பெண்கள் எல்லோரும் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். எனக்குத் தொட்டிக்குள் இருப்புக்கொள்ளவில்லை. எத்தனை மாதமாக இந்த ஒரு நிமிஷத்துக்குக் காத்திருந்தோம். இடுப்பில் சாவி இருக்கிற தைரியத்தில், மிஷினின் வாயிலிருந்து தலையை நீட்டி, முகமெல்லாம் மண்ணும் பல்லுமாகக் கேட்டேன்:

"மொதலாளி, பத்து."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் நின்ற தொட்டியைப் பார்த்தார். அப்புறம் இன்ஜினில் தொங்குகிற சாவியைப் பார்த்தார். அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன். என் கை இடுப்புக்குப் போனது. என் சாவி இங்கே இருக்கிறது, அங்கே ஒன்று தொங்குகிறது. கீழே கத்திகளுக்கு நடுவில் என் கால்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செல்வம் அந்தச் சாவியை உருவினான். இரண்டு முறை கீழே தவறவிட்டான். என்னைப் பிடித்து வெளியே இழுத்தான். முதலாளி களிமண் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். கையை மாற்றிக் காதைப் பிடித்தார். தொப்பை இடித்தது. அப்படியும் உட்கார்ந்து எழுந்தார். "போதும் மொதலாளி" என்றது பச்சையம்மா அக்கா. அவர் கேட்கவில்லை. பத்தையும் தாண்டிப் போட்டுக்கொண்டே இருந்தார். அழுகிறாரா வேர்க்கிறதா என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து பாய் தொப்பியோடு உள்ளே வந்தார். முதலாளி தோப்புக்கரணம் போடுவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் மலர்ந்த சிரிப்பை மறக்க முடியாது. "மாஷா அல்லா" என்று வாயைத் திறந்தார். செல்வம் உள்ளங்கையில் இரண்டு சாவியையும் வைத்து நீட்டினான். சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் வந்தார். தலையில் ஆரம்பித்து, தோள், கை, முட்டி, பாதம் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இருந்தது.

முதலாளியை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "இந்தப் புதுச் சாவிய நான் வெச்சிக்கலாமா மொதலாளி?" என்று மட்டும் கேட்டார். முதலாளி தலையாட்டினார்.

நேராக மணிமுத்தாற்றுப் பாலத்துக்கு நடந்தார். நானும் செல்வமும் பின்னாலேயே ஓடினோம். பாலத்து நடுவில் நின்று, கையைச் சுழற்றி, சாவியை ஆற்றுக்குள் வீசினார். பெரிய கோபத்தோடு வீசிய வீச்சு. எங்களுக்கே மயிர் கூச்செறிந்தது. கீழே பார்த்தால், மழை பொய்த்த வருஷம், ஆற்றில் தண்ணீர் இல்லை. சாவி மணல் மேல் பளபளவென்று கிடக்கிறது. ஒரு மாடு வந்து மோந்து பார்க்கிறது. பாய் எங்களைப் பார்த்தார். நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம். அவர் இறங்கிப் போய், மாட்டை விரட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டி, புதைத்து, மேலே மிதித்துவிட்டு, பூட்ஸைத் தட்டிக்கொண்டு ஏறி வந்தார்.

கேட்டில் முதலாளி நின்றிருந்தார். "பாய், மச்சானுக்கு போன் போட்டு அந்த விசாவ வேற யாருக்குனா குடுக்க சொல்லிடுங்க" என்றார். அதுவரை பாயை 'நீ' என்றே பேசியவர்.

பாய் அங்கேயே நின்றபடி போன் போட்டார். மச்சான் அந்தப் பக்கம் ஏதோ கத்தினார். இவர், "இல்ல மச்சான், வரல. இல்ல. வரவே மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து மகளை பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கம்பெனிக்குக் கூட்டிவந்தார். அவள் தலையில் குழந்தைகளுக்கான குட்டி மஞ்சள் ஹெல்மெட். அதற்கப்புறம் அந்த இரண்டு ஹெல்மெட்டும் தினமும் பைக்கில் ஒன்றாகத்தான் போயின. "அத்தா, வேகமா போ" என்று அவள் கத்துவதும், "முடியாதும்மா" என்று இவர் கத்துவதும் கடைவீதி முழுக்கக் கேட்கும்.

எந்த மிஷினும் அவரைத் தொடவில்லை. ஒரு விடியற்காலை, வீட்டில், பாயில் படுத்தபடியே போய்விட்டார். ஹார்ட் அட்டாக் என்றார்கள். வயசு நாற்பதுகூட இல்லை.

போன வாரம் நானும் செல்வமும் அவர் வீட்டுக்குப் போனோம். குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, ஊட்டிவிட்டுக்கொண்டே, மனசு கேட்காமல் சொன்னார்:

"அத்தா துபாய்க்குப் போயிருக்காரும்மா. உனக்குப் பொம்ம எல்லாம் வாங்கிட்டு வருவாரு."

குழந்தை வாயிலிருந்த சோற்றை விழுங்கியது. அழவில்லை.

"எங்க அத்தா துபாய்க்கெல்லாம் போவ மாட்டாரு" என்றது. பிறகு என் பக்கம் திரும்பி, "இல்ல மாமா?" என்றது.

"ஆமாம்மா. போவ மாட்டாரு" என்றேன். என்னுடைய இரண்டு காலையும் மடக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.